எடுக்கக் கூடாத டப்பா

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிக்கிற என் வயசுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயசுக்காரர்கள் படித்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிரங்குப் பெட்டி என்றால் என்ன, காப்பி பென்சில் என்றால் என்ன என்று நடுவில் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நமக்கெல்லாம் இப்போது மிச்சமிருக்கிற வேலை தேடுவதுதானே. கண்ணாடியைத் தேடுகிறோம், சாவியைத் தேடுகிறோம், சமையலறைக்குள் எதற்கு வந்தோம் என்பதைத் தேடுகிறோம். நான் ஒரு டப்பாவைத் தேடினேன். தேட ஆரம்பித்தபோது எனக்குப் பத்து வயசு இருக்கும். கிடைத்தது போன மாதம்.

ஊர் கோலார் தங்கவயல். வீடு ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில், கம்பெனி கொடுத்த லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் மூங்கில் தட்டி. அப்பா மைசூர் மைன்ஸில் பூமிக்கு அடியில் மிஷின் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால்தானோ என்னவோ, பேச்சும் பாதிதான். அவருக்கு வேலை இருக்கிற வரைக்கும் எங்களுக்கு வீடு. வேலை போனால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வட ஆர்க்காட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே எங்களுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. லைனில் வளர்ந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைத் தூக்கத்தில் சொல்லும்.

தங்கம் விளைகிற ஊரில் எல்லாரும் திருடர்கள்தான், ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களைத் தவிர. ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிற ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். வாயைத் திற, நாக்கைத் தூக்கு, தலைத்துண்டை உதறு. அப்பாவின் வாயை அம்மாவைவிட அதிகம் பார்த்தவன் கேட் வாட்ச்மேன்தான் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். அப்பா இருக்கும்போது சொல்ல மாட்டான்.

எங்களுக்கு விளையாட இடம் கம்பெனி பார்க். உங்களில் பாதிப்பேர் அங்கே முட்டியைச் சிராய்த்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் சிமெண்ட் மேடையில் ஒரு பழைய இரும்பு டிராலி நிற்குமே, கல் ஏற்றிய டிராலி, அதை அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் செயற்கையாகக் கட்டிய ஒரு மேடு. இந்தப் பக்கம் ஏறப் படி, அந்தப் பக்கம் இறங்கப் படி. துரைமார்கள் காலத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலே ஏறி நின்று பொழுது சாய்வதைப் பார்ப்பார்களாம். நாங்கள் ஏறினால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், சயனைடு மேடுகள் தெரியும், வெள்ளையாக. ஏப்ரல் மாசக் காற்றில் அந்த மாவு பறந்து வந்து பல்லில் நறநறக்கும். யூகலிப்டஸ் இலையின் வாசனையும் அந்த நறநறப்பும் சேர்ந்தால்தான் எனக்கு இன்றைக்கும் கோடை லீவு.

அந்த லீவில் எங்களுக்கு ஒரு புது ஆட்டம் வந்தது. கொண்டுவந்தவள் எஞ்சின் டிரைவர் மகள். ரயில் எஞ்சின் இல்லை. ஷாஃப்டில், அதாவது சுரங்கக் கிணற்றில், கேஜை ஏற்றி இறக்குகிற பெரிய எஞ்சின். கீழே இருந்து பெல் அடிப்பார்கள். அவளுடைய அப்பா மேலே உட்கார்ந்து அந்த பெல்லைக் கேட்டுத்தான் என் அப்பா போன்றவர்களை இறக்குவார், ஏற்றுவார். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவள் பெங்களூரில் ஹாஸ்டலில் படித்தாள். கவுன் போட்டிருந்தாலும் எங்களைவிட அழுக்காக இருப்பாள். அதனால் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"என் கிராண்ட்பா ஊர்ல எல்லாம் டப்பா ஒளிப்பாங்க மேன். மலைல, பாறை சந்துல. யாரு வேணா தேடலாம்" என்றாள். பெண்பிள்ளையான என்னையும் மேன் என்றுதான் கூப்பிடுவாள்.

ஆட்டம் இதுதான். நாங்கள் நாலு பேர். நான், அண்ணன், டிரைவர் மகள், பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். ஆளுக்கொரு டப்பாவைப் பார்க்கில் ஒளிக்க வேண்டும். ஆளுக்கொரு அடையாளம். தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடியை பிளேடால் செதுக்கி அந்த அடையாளத்தை முத்திரையாகச் செய்து டப்பாவுக்குள் போட்டு, மூடியின் உள்பக்கமும் அதைக் கீறிவிட வேண்டும். காப்பி பென்சிலைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்தால் ஊதா மை. எந்தச் சோப்புக்கும் போகாது. மற்றவர்கள் குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, அந்த முத்திரையைத் தங்கள் கைக்குட்டையில் குத்திக்கொண்டு, மூடியின் உள்பக்கம் ஆணியால் தங்கள் அடையாளத்தைக் கீறிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கைக்குட்டையில் எல்லா முத்திரையும் யாருக்கு முதலில் சேருகிறதோ அவர் ஜெயித்தவர்.

கடைக்காரர் மகனின் அடையாளம் தராசு. அண்ணன் சோம்பேறி, ஒரு வட்டம் போட்டுச் சைக்கிள் சக்கரம் என்றான். டிரைவர் மகளுடையது பெல். நான் கோழி செதுக்கினேன். அது கெட்டில் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டுமே, கெட்டிலுக்கு வாலும் காலும் உண்டா?

டப்பாவுக்கு நான் எங்கே போவது? அம்மாதான் அப்பாவின் பழைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். அடியில் ஓட்டை விழுந்து கழித்துப் போட்டது. கீழே அத்தனை பேரும் ஒரே மாதிரி டப்பா கொண்டுபோவதால் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் தன் நம்பரை அடியில் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். அதிலும் அப்பாவின் நம்பர் இருந்தது. 4017. அதை யார் கவனித்தோம்! புதையல் என்றால் ஏதாவது மின்ன வேண்டாமா என்று கடைக்காரர் மகன் எங்கிருந்தோ பொறுக்கிய ஒரு மினுங்கும் கல்லைக் கொடுத்தான். அதையும் உள்ளே போட்டு, தூங்குமூஞ்சி மரத்தின் வேர்ப் பொந்தில் வைத்தேன்.

ஒரு வாரத்தில் மூன்று டப்பாவையும் எல்லாரும் கண்டுபிடித்தாயிற்று. கடைக்காரர் மகன் தன்னுடையதில் வெல்லக்கட்டி வைத்திருந்தான். அதை எறும்புகள்தான் முதலில் கண்டுபிடித்தன. டிரைவர் மகளின் டப்பா மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. குறிப்பு கொடு என்றால், "வெயிட் மேன், வெயிட்" என்று சிரிப்பாள். பிறகு அவர்கள் குடும்பம் கப்பல் காகித வேலையாகப் பெங்களூர் போனது. ஆஸ்திரேலியாவுக்கே போகப்போகிறார்களாம்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் பகல் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியும் அப்பா வரவில்லை. ஆள் வரத் தாமதமானால் லைனில் பெண்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள். கீழே பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் ஆடும். அன்றைக்குப் பாத்திரம் எதுவும் ஆடவில்லை. அப்படியும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். அப்பா வந்தார். முன்னால் பார்க் வாட்ச்மேன், பின்னால் இன்னொரு வாட்ச்மேன், நடுவில் அப்பா. கூடவே வாட்ச்மேன்களுக்கெல்லாம் மேலான வாட்ச் ஆபீசர். அவர் கையில், பார்க் வாட்ச்மேன் எடுத்துக் கொடுத்த என் டப்பா.

அவர்கள் எங்கள் வீட்டை உதறிப் பார்த்தார்கள். அரிசி டின்னில் கை விட்டார்கள். தட்டியைப் பிரித்தார்கள். அடுப்புக்குப் பின்னால் தரையைக் கடப்பாரையால் இடித்துப் பார்த்தார்கள். லைன் முழுக்க எங்கள் வாசலில் நின்றது. அப்பா சுவரோரமாகக் கைகட்டி நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"இது யார் நம்பர்?" என்று டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார் ஆபீசர்.

"என்னுதுதான் சார். ஓட்ட டப்பா. வூட்ல போட்டு வெச்சிருந்தது."

"நான்தாங்க கொழந்தைக்கு வெளையாடக் குடுத்தேன்" என்றாள் அம்மா.

"ஓட்ட டப்பால தங்கக் கல்லு எப்டிமா வந்துது? மூடில இதெல்லாம் இன்னா? கோழி, தராசு, சக்கரம், பெல்லு... எந்த கேங்கோட அடையாளம்? வேலய வுட்டு அனுப்பிட்டா தானா வாயத் தொறப்பான். வூட்டயும் காலி பண்ணிகினு போங்க."

வீடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அது டப்பா ஆட்டம் சார்!"

"இன்னா ஆட்டம்?"

சொன்னேன். அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒன்று விடாமல் சொன்னேன்.

"சரி, கண்டுபுடிச்சவன் இன்னா பண்ணுவான்?"

"அடையாளம் கீறிட்டு, மூடி, அங்கியே வெச்சிடணும் சார்."

"எடுத்துகினு போவ மாட்டான்?"

"எடுக்கக் கூடாது சார். எங்க கீதுன்னு யாருக்கும் சொல்லவும் கூடாது. குறிப்பு மட்டும் குடுக்கலாம். அவங்களா தேடிகினு வரணும்."

ஆபீசர் சத்தமாகச் சிரித்தார். "எடுக்கக் கூடாதுன்னா இன்னாத்துக்குடி தேடணும்?"

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இருக்கட்டும், வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

எல்லாரையும் பார்க்குக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அண்ணனின் டப்பாவைக் காட்டினோம். கடைக்காரர் மகனின் டப்பாவை ஆபீசரே திறந்து, எறும்புக் கடி வாங்கி, கையை உதறினதில் டப்பாவிலிருந்த ஊதா மை அவர் காக்கிச் சட்டையில் தெறித்தது. நாலாவது எங்கே என்றார். தெரியாது என்றோம். அவர் நம்பவில்லை. கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அப்பாவை ஷிஃப்டுக்கு வர வேண்டாம் என்றார். அந்த இரண்டு நாளும் அம்மா பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்து அடுக்கினாள். எடுத்துக்கொண்டு போவதற்குத் தயாராக அடுக்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கல் தங்கமில்லை. வெறும் மினுக்குக் கல். வாட்ச் ஆபீஸில் அப்பாவோடு நானும் நின்றேன். "பிள்ளைங்கள அடக்கி வெய்யி" என்றார் ஆபீசர். மன்னித்துக்கொள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். வீடு தப்பித்தது, போதும்.

திரும்பி வருகிற வழியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லா டப்பாவும் கெடச்சிடுச்சா?"

"ஒண்ணு கெடைக்கல. டிரைவர் பொண்ணுது."

இன்னும் என்ன வம்பு பாக்கி இருக்கிறதோ என்று பயந்து கேட்கிறார் என்று நினைத்தேன். இனி இந்த ஆட்டத்தைப் பற்றி அப்பா காதில் எதுவும் விழக் கூடாது என்று முடிவு செய்தேன். அண்ணன் அன்றோடு ஆட்டத்தை விட்டுவிட்டான்.

டிரைவர் மகள் பெங்களூரிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு ஓவென்று அழுதாள். மறுவாரமே அவர்கள் கிளம்பினார்கள். மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் கைக்குட்டையை வாங்கி, காப்பி பென்சிலை நாக்கில் நனைத்துப் படம் போட்டாள். முதலில் ஒரு டிராலி. அடுத்து மூன்று பெல். கொஞ்சம் இடம் விட்டு இரண்டு பெல். இன்னும் கொஞ்சம் இடம் விட்டு ஒரு பெல். அவள் நாக்கு ஊதாவாகிவிட்டது.

"இதான் க்ளூ. ரொம்ப ஈசி மேன். தெரியலன்னா உன் டாடியக் கேளு."

அப்பாவையா? நான் கேட்பேனா! ரயில் போன பிறகும் அந்த ஊதா நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டிக்கொண்டே போனாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நானும் கடைக்காரர் மகனும் குறிப்பைப் பிரித்து மேய்ந்தோம். டிராலியிலிருந்து மூன்று அடி, திரும்பி இரண்டு அடி, அப்புறம் ஒரு அடி. அவன் அடி, என் அடி, பெரியவர்கள் அடி என்று எல்லா அளவிலும் வைத்துப் பார்த்தோம். டிராலியைச் சுற்றிக் கரும்புக்கொல்லையில் பன்றி புகுந்த மாதிரி தோண்டிப் போட்டோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் போக மாட்டோம். அந்தப் பக்கத்துக் கடைசிப் படிதான் பார்க் வாட்ச்மேன் உட்கார்ந்து பீடி குடிக்கிற இடம். என் டப்பாவை எடுத்துக் கொடுத்த அதே வாட்ச்மேன்.

ஒரு நாள் அம்மா அந்தக் கைக்குட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அப்பா கொடிக்கு முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கிழித்துப் போட்டுவிடுவார் என்று பாய்ந்து உருவிக்கொண்டு ஓடி, டிரங்குப் பெட்டியின் அடியில் திணித்தேன். அவர் துரத்தி வரவில்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. அப்பா சிரித்தால் அது சிரிப்புதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் நடந்தது. இரண்டையும் நாங்கள் யாரும் மன்னிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஒன்று, அப்பா அந்த வாட்ச்மேனோடு சிநேகமாகிவிட்டார். பகல் ஷிஃப்ட் முடிந்தால், குளித்துவிட்டு நேரே பார்க்குக்குப் போய், அந்தக் கடைசிப் படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். லைனில் சிரித்தார்கள். திருடன் என்று பெயர் வைத்தவன் காலடியில் போய் உட்காருகிறான், வேலைக்குப் பயந்தவன் என்றார்கள். "வெக்கம் மானம் இல்லாத மனுசன்" என்று அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நான் டிராலி ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீடிப் புகை எழும்பும். அப்பாவின் இருமல் கேட்கும். எனக்கு அவமானமாக இருக்கும். மண் தோண்டுகிற கரண்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

இன்னொன்று, டம்ளரைத் தட்டுகிற பழக்கம். டீ குடிக்கும்போது நான் எதிரில் இருந்தால் போதும், நகத்தால் டம்ளரில் தட்டுவார். டண் டண் டண். கொஞ்சம் நிறுத்தி டண் டண். பிறகு டண். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். டீ சரியில்லை, கோபமாக இருக்கிறார் என்று அம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடி வருவாள். நான் அந்த இடத்தை விட்டு நழுவிவிடுவேன்.

அந்தக் கைக்குட்டை எந்தக் கல்யாணக் களேபரத்தில் எங்கே போனதோ தெரியாது. எனக்குப் பெங்களூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள், ஃபேக்டரி வேலை. பிரசவத்துக்கு வந்தபோதும் அப்பா தட்டினார். "இந்தப் பழக்கத்த வுடவே மாட்டியா நீ" என்று நான் திட்டினேன். கடைசியில் நெஞ்சு நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், அந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் போன வழிதான். கட்டில் கம்பியில் விரலால் மூன்று, இரண்டு, ஒன்று என்று தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று கொடுத்தேன். குடித்தார்.

மைன்ஸை மூடினார்கள். டிராலியை யாரோ இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரே விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற ஊராகிவிட்டது. அண்ணன் மட்டும் ஸ்கெலட்டனிலேயே இருக்கிறான். மூடுகிறவரை அவனும் கேஜில் இறங்கினவன்தான். போன மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் அண்ணி டீ கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அப்பாவிடம் வந்தது. என்னையறியாமல் என் விரல் டம்ளரில் தட்டியிருக்கிறது. டண் டண் டண். டண் டண். டண்.

அண்ணன் சிரித்தான். "இன்னா, அப்பா மாதிரியே பெல் அடிக்கிற?"

"பெல்லா?"

"பின்ன? நம்ம ஷாஃப்ட் பெல்லு. மூணு அடிச்சா ஏத்து. ரெண்டு அடிச்சா எறக்கு. ஒண்ணு அடிச்சா நிறுத்து. எனக்கும் மொதல்ல தெரியாது, கீழ எறங்கனப்பறம்தான் தெரிஞ்சுது. கேஜிலயே வாழ்ந்த மனுசன், கை சும்மா இருக்காதுன்னு வுட்டுட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தக் கைக்குட்டைப் படம் கண்முன் வந்தது. டிராலி. ஏறு. இறங்கு. நில்.

"அண்ணா, வண்டிய எடு."

"இப்பவா? எங்க?"

"பார்க்குக்கு. எதுவும் கேக்காத, எடு."

எழுபது வயசுக்காரன் ஓட்டுகிற ஸ்கூட்டரின் பின்னால் அறுபத்தைந்து வயசுக்காரி உட்கார்ந்து போவதை ஊர் வேடிக்கை பார்த்தது. பார்க் என்று இப்போது பெயருக்குத்தான். கேட் இல்லை. சிமெண்ட் மேடை இருந்தது, டிராலி இல்லை. மேட்டின் மேல் உண்ணிச்செடி மண்டியிருந்தது. முழங்கால் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்ட, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அந்தப் பக்கம் இறங்கினேன். கடைசிப் படியில் நின்றேன். வாட்ச்மேனும் அப்பாவும் உட்கார்ந்த படி.

படியின் பக்கச் சுவரில் ஒரு கல் மட்டும் பூசாமல் இருந்தது. பாம்பு கீம்பு இருக்கும் என்று அண்ணன் என்னை விலக்கிவிட்டு, ஒரு குச்சியால் நெம்பினான். உள்ளே காய்ந்த பொந்து. கையை விட்டு எடுத்துக் கொடுத்தான். பித்தளையில் ஒரு புகையிலை டப்பா. களிம்பேறிப் பச்சையாக இருந்தது. அவளுடைய தாத்தாவுடையதாக இருக்கும். அந்த அடங்காப்பிடாரி, வாட்ச்மேனின் இடுப்புக்குப் பக்கத்திலேயே ஒளித்துவைத்திருக்கிறாள்.

மூடி இறுகியிருந்தது. அண்ணன் வண்டிச் சாவியை விட்டுத் திருகினதும் திறந்துகொண்டது. உள்ளே கல்லாய் இறுகிப்போன ஒரு ரப்பர் துண்டு, பெல் வடிவத்தில். மூடியின் உள்பக்கம் அவள் கீறின பெல். அதை ஒட்டி, மேல் ஓரமாக, கோணல்மாணலாக ஒரு நம்பர்.

4017.

அண்ணன் அதை இரண்டு தரம் படித்தான். "அப்பா நம்பரு இங்க எப்டி?"

அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். அந்த நம்பர் ஒரு டப்பாவில் இருந்ததற்காகத்தான் அவரை ஊர் நடுவில் கைகட்டி நிற்கவைத்தார்கள். அதே நம்பரை அவரே ஆணி எடுத்து, இன்னொரு டப்பாவில் எழுதியிருக்கிறார். எடுக்காமல் வைத்திருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆபீசர் சிரித்த அந்தச் சட்டத்தை அந்த இடத்தில் இருந்தவர்களில் ஒருத்தர் மதித்திருக்கிறார். கண்டுபிடித்தவர் சொல்லக் கூடாது, குறிப்பு மட்டும் கொடுக்கலாம். குறிப்பு கொடுத்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷமும் அம்மா அதற்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

பயந்துபோய் வாட்ச்மேனைச் சரிக்கட்டுகிறார் என்றார்களே. அவர் அவனுக்காகவா அங்கே போய் உட்கார்ந்தார்? மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் ஏறி இறங்கி வருவாள் என்று பார்த்துக்கொண்டு, காறித் துப்பத் தோன்றுகிற ஓர் ஆளின் பக்கத்தில், பீடி பீடியாகப் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வரவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டேன். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். அப்பாவின் இருமல்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடு, வூட்டுக்கு எடுத்துகினு போலாம். அப்பா கைபட்டது" என்றான்.

"எடுக்கக் கூடாது அண்ணா."

அவன் சாவியை நீட்டினான். வாங்கிக்கொண்டு மூடியை வெளிச்சத்தில் திருப்பினேன். அப்பா தன் நம்பரை நடுவில் எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மேலே ஓரத்தில், நெருக்கி, சின்னதாக எழுதியிருந்தார். கீழே மூடி முழுக்கக் காலியாக விட்டிருந்தார்.

அதில் என் கோழியைக் கீறினேன். இப்போதும் கெட்டில் மாதிரிதான் வந்தது.